வைக்கலை உழுது போட்டன், பயிர் மஞ்சளாகிட்டு. இனி எரிக்கிறதுதானோ?

தம்பலகாமத்தான்:
எனக்கு மூண்டு ஏக்கர், கந்தளாய்க் குளத்துத் தண்ணி. அப்பா இருக்கும்வரை சூடு (அறுத்த கதிர்க் குவியல்) மிதிச்ச வைக்கல் பட்டி மாட்டுக்குப் போகும், மாட்டெரு வயலுக்கு வரும். இப்ப மாடும் இல்ல, சூடும் இல்ல. வெட்டு மெசின் வைக்கலை வரிவரியாக் கக்கிட்டுப் போகுது, அடுத்த நாள் வெளியெல்லாம் புகை. நானும் பத்து வருசம் நெருப்பு வச்சவன்தான்.

இந்தச் சிறுபோகம் எரிக்கேல்ல. மண்ணில காபன் ஏறும், நுண்ணங்கி (வைக்கலை உக்க வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்) பெருகும் எண்டு வீடியோ பாத்த ஆசை. தண்ணி திறந்த உடன வைக்கலோட சேத்து ரொட்டவேட்டர் அடிச்சு, ஆறாம் நாள் விதைச்சன். மூண்டாம் கிழமை பயிர் பழுத்த பப்பாசி இலை நிறம். வரம்புக்கு அங்கால, எரிச்சவர்ட வயல் கரும்பச்சை. "தம்பி ஃபோனைப் பாத்து வெள்ளாமை செய்யிறார்" எண்டு வாய்க்கால் கட்டில இருந்து சிரிக்கிறார். வைக்கலைப் போட்டது பிழையோ?

மூதூர் காக்கா:
தம்பி, முதல்ல ரெண்டு இடத்தில பயிரைப் பிடுங்கி வேரைப் பாருங்க. வேர் வெள்ளை, அடி இலைதான் முதல்ல மஞ்சள் எண்டா நைதரசன் பத்தேல்ல. வேர் கறுத்து, கூழ்முட்டை மணம் வந்தா அது வேற கதை: தண்ணிக்குள்ள வைக்கல் அழுகி மண்ணுக்கு மூச்சு முட்டுது. அப்ப யூரியாவைக் கொட்டாதீங்க. தண்ணிய வடிச்சு, மண் லேசா வெடிக்கிற பதம் வரைக்கும் விடுங்க.

தம்பலகாமத்தான்:
பிடுங்கினன் காக்கா. பொதுவா வேர் வெள்ளை. மெசின் கக்கின வரி கிடந்த இடத்தில மட்டும் கறுப்பு, மூக்கை வைக்க ஏலாது.

மூதூர் காக்கா:
அப்ப ரெண்டும் இருக்கு. வைக்கலில நைதரசன் ஒரு பங்கெண்டா காபன் அறுபது, எழுபது பங்கு. அதைத் திங்கிற நுண்ணங்கிட உடம்புக்கு எட்டு, பத்துப் பங்கு காபனுக்கே ஒரு பங்கு நைதரசன் வேணும். வைக்கலில இல்லாததை மண்ணில இருந்து இழுக்கும், உங்கட யூரியாவிலயும் பங்கு கேக்கும். பிறகு அது செத்து, எடுத்ததைத் திருப்பித் தரும். ஆனா அதுக்குள்ள உங்கட பயிருக்குப் பசிச்சிட்டு. நீங்க வைக்கல் போட்டது பிழையில்ல, போட்ட நாள்தான் பிழை. வெட்டின கையோட பரப்பி, ஈரம் இருக்கக்க ஒரு உழவு போட்டு, மூண்டு நாலு கிழமை காத்துப்பட விடோணும். தண்ணி கட்ட முதல் பாதி உக்கிட்டா மெதேன் வாயுவும் குறையும்.

கந்தளாய் 2021:
சேதனம், அதுதான் இயற்கைப் பசளை, எண்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது. 2021இல இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து, நவம்பரில அந்தத் தடையைக் கைவிட்டுது. அந்தப் பெரும்போகம் நான் அறுத்தது வழமையில பாதி. கடனை இன்னும் கட்டுறன். மண்ணைப் பத்திப் பேசுறவங்க யாரும் வங்கிக்கு வரல்ல.

மூதூர் காக்கா:
உங்கட கோவம் சரி. பட்டினி கிடந்த மண்ணுக்கு ஒரே நாளில யூரியாவை நிப்பாட்டினா விளைச்சல் விழத்தான் செய்யும். இங்க யாரும் நிப்பாட்டச் சொல்லல்ல. பயிர் உறிஞ்சின பொட்டாசியத்தில எண்பது வீதத்துக்கு மேல வைக்கலிலதான் கிடக்கு. எரிச்சா நைதரசன் புகையோட போயிடும். பொட்டாசியம் சாம்பலில நிக்கும், அதுவும் வரி கிடந்த இடத்தில மட்டும், முதல் தண்ணியோட வாய்க்காலுக்குப் போகும். அதையே பிறகு மூட்டையில காசுக்கு வாங்குறம்.

உவர்மலை வாத்தி:
காபன் ஏறும் எண்ட ஆசைக்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில இருபது சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் ஏறக்குறைய ஆயிரம் தொன். அதில காபன் 0.1 வீதம் கூட ஒரு தொன் காபன் தங்கோணும். ரெண்டு தொன் வைக்கலில காபன் 800 கிலோ, அதில பெரும்பங்கு நுண்ணங்கி மூச்சாவே வெளிய போயிடும். நூறு கிலோ தங்கினதெண்டு வைங்க, 0.1 வீதம் ஏற பத்துப் போகம். ஒரு போகத்தில மண் பரிசோதனை அறிக்கை மாறேல்ல எண்டு மனம் விடாதீங்க. மாதிரி எடுத்தா ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில, வயலில பல இடத்தில அள்ளிக் கலந்து எடுங்க.

நிலாவெளி வெங்காயம்:
உங்களுக்குக் களி மண், காபனைப் பிடிச்சு வைக்கும். எங்கட மணலில எரு போட்டா வெயிலும் இறைப்பும் ரெண்டு போகத்தில தின்னிடும். வருசா வருசம் போட்டுக்கொண்டே இருக்கோணும். வேணாம் எண்டா அந்த வைக்கலைத் தாங்க, வெங்காயத்துக்கு மூடாக்குப் போட ஆலாப் பறக்கிறம்.

தம்பலகாமத்தான்:
நாலு நாள் வடிச்சு விட்டன். கறுப்பு இடத்தில புது வேர் வெள்ளையா வருது. மத்த இடத்துக்குக் கொஞ்சமா யூரியா போட்டு, குருத்துப் பச்சை பிடிக்குது. பக்கத்து வயல்காரர் இன்னும் சிரிக்கிறார், நெல்லு வீடு வரும்வரை சிரிக்கட்டும்.

இனிப் பரப்புற வேலைதான் பிரச்சினை. கையால பரப்ப ஆள் கூலி கட்டாது. மெசினில வைக்கல் வெட்டுற பிளேட் பூட்டிப் பரப்பித் தர ஏக்கருக்கு எவ்வளவு கூடக் கேக்கிறாங்க? கிண்ணியாப் பக்கம் யாரும் செய்விச்சிருந்தா சொல்லுங்க. நிலாவெளி அண்ணன், ஒரு ஏக்கர் வைக்கல் உங்களுக்கு, லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) நீங்க கொண்டு வரோணும்.