வைஸ்மன் படங்கள்: பேட்டியும் குரலுரையும் இல்லாமல் எப்படி நிற்கின்றன?

காட்சிப்பிழை:
அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் பிரெடெரிக் வைஸ்மன் படங்களில் பேட்டி இல்லை, குரலுரை இல்லை, பின்னணி இசை இல்லை, பேசுபவரின் பெயரைக்கூடத் திரையில் போடுவதில்லை. ஆனாலும் 'சிட்டி ஹால்' (2020) 272 நிமிடம் பிடித்து உட்கார வைக்கிறது. அவர் கேமராவையே தொடமாட்டார் என்கிறார்கள், அப்படியானால் களத்தில் இயக்குநராக என்னதான் செய்தார்? குவிந்து கிடக்கும் ரஷஸை (வெட்டாத மூலப் பதிவுகளை) எடிட்டிங்கில் எந்த முனையில் பிடித்து இழுத்தார்? ஆஸ்பத்திரி, நீதிமன்றம் மாதிரி இடங்களில் எழுத்தில் அனுமதி வாங்குவாரா? இத்தனை வருஷம் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தால் நல்லது.

பூம்கம்பு:
களத்தில் மைக் பிடித்தது அவர்தான். குழுவே மூன்று பேர்: ஒலிக்கு வைஸ்மன், ஒரு ஒளிப்பதிவாளர் (1970களின் கடைசியிலிருந்து பெரும்பாலும் ஜான் டேவி), ஓர் உதவியாளர். 16 மி.மீ. காலத்தில் 400 அடி மேகசின் (ஃபிலிம் சுருள் பெட்டி) 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே அடுத்ததை லோடு செய்து தயாராக வைக்க ஒரு ஆள் கட்டாயம்.

மைக் ஏன் இயக்குநர் கையில்? ஒளிப்பதிவாளருக்கு ஃபிரேமுக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். ஒலிக்காரர் அறை முழுவதையும் பார்க்கலாம். அடுத்து வாய் திறக்கப்போவது யார் என்று பார்த்து பூமை (நீண்ட கம்பியின் முனையில் மாட்டிய மைக்கை) திருப்புவார், கேமரா பின்னாலேயே வரும். கண்ஜாடையும் கைஜாடையும் போதும்.

இதை இன்று செய்பவர்கள் சறுக்குவது காலர் மைக்கில் (சட்டையில் மாட்டும் சின்ன மைக்). அலுவலகத்துக்குள் வந்து போகிறவர்களுக்கெல்லாம் மைக் மாட்டிக்கொண்டிருந்தால் காட்சியே முடிந்துவிடும். பூம்தான் வழி. ஆனால் ஷாட்கன் மைக்கை (நேர் முன்னால் வரும் ஒலியைக் குறுகலாகப் பிடிக்கும் நீள மைக்) சின்ன சிமெண்ட் அறைக்குள் கொண்டுபோனால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல் கேட்கும். அறைக்குள் ஹைப்பர்கார்டியாய்டு (அதைவிடக் குட்டையான, திசை பார்த்துப் பிடிக்கும் மைக்), வெளியே ஷாட்கன்.

ஒவ்வொரு அறையிலும் ஆள் பேச்சில்லாத ஒலி 60 விநாடியாவது தனியாகப் பிடியுங்கள். சீலிங் ஃபேன் ஓடும் அறை என்றால், அது ஓடும்போதே. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் இரைச்சல் துள்ளும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் துடிப்பு வராமலிருக்க, விநாடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 விநாடி. 24 ஃபிரேமில்தான் எடுப்பேன் என்றால் ஷட்டர் கோணம் 172.8 டிகிரி, அதுவும் அதே 1/50தான்.

எடிட்மேசை:
எடிட்டிங்கும் அவரேதான். பேட்டிகளில் அவர் விவரித்திருக்கும் வரிசை இது. முதல் ஆறு முதல் எட்டு வாரம் எல்லா ரஷஸையும் பார்த்து, உணவகங்களுக்கு நட்சத்திரம் போடுகிறார்களே, அதேபோல் காட்சிகளுக்குப் போடுவார். இந்தச் சுற்றிலேயே ஏறக்குறைய பாதி ஓரம்கட்டப்படும். பிறகு ஆறு முதல் எட்டு மாதம், தேறக்கூடிய காட்சிகளை ஒவ்வொன்றாக வெட்டி முடிப்பார். படத்தின் அமைப்பைப் பற்றி அதுவரை யோசிக்கவே மாட்டார். காட்சிகள் தயாரானதும் முழுப்படத்தையும் மூன்று நான்கு நாளில் கோத்துவிடுவார். வருவது கடைசி நீளத்தைவிட 30, 40 நிமிடம் கூடுதலாக இருக்கும். மிச்ச வாரங்கள் தாளத்தைச் சரிசெய்ய. கடைசியில் ஒதுக்கியவற்றை இன்னொரு முறை பார்ப்பார்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே சுவரில் அட்டை ஒட்டி அமைப்பு போடுவார்கள், பிறகு காட்சிகளை அதற்குள் திணிப்பார்கள்.

ஒரு மணி நேரக் கூட்டத்தை ஏழு நிமிடமாக்க வேண்டுமென்றால் கேட்பவர்களின் முகம் வேண்டும். பேசுபவர் மேலேயே கேமரா நின்றிருந்தால் வெட்ட இடமே கிடைக்காது. அதனால் பேச்சு நடக்கும்போதே கேட்பவர், கை, கதவு, கடிகாரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தை மட்டும் யோசித்து எடுங்கள், நேரம் காட்டிக் கொடுத்துவிடும்!

சேமிப்புக் கணக்கு: கேமரா விநாடிக்கு 100 மெகாபிட் (100 எம்பிபிஎஸ்) பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி. 100 மணி நேரத்துக்கு 4.5 டிபி. இரண்டு பிரதி வேண்டும், அதாவது 9 டிபி. இதைப் பட்ஜெட்டில் எழுதாமல் விட்டுவிட்டு, நடுவில் கார்டை அழித்து எழுதும் நிலைமைக்கு வராதீர்கள்.

காட்சிப்பிழை:
ரொம்ப நன்றி. அனுமதி விஷயம்?

வழக்குக்கட்டு:
அவர் அடிப்படையில் சட்டம் படித்தவர், பாஸ்டனில் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். மாணவர்களை அழைத்துப்போய்க் காட்டிய பிரிட்ஜ்வாட்டர் சிறை மனநல மருத்துவமனைதான் முதல் படமான 'டிடிகட் ஃபாலிஸ்' (1967) ஆனது. நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குவார். தனி ஆட்களிடம் வாய்மொழிச் சம்மதம், அதையும் டேப்பில் பதிந்துகொள்வார்.

அந்த முதல் படத்திலேயே சிக்கல் வந்தது. கைதிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது, வாய்மொழி ஒப்பந்தம் மீறப்பட்டது என்று மாசச்சூசெட்ஸ் அரசு வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. 1969இல் மருத்துவர், வழக்கறிஞர், மாணவர் போன்றவர்களுக்கு மட்டும் காட்டலாம் என்றானது. பொதுத்திரையிடலுக்கு 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என் கருத்தில் வாய்மொழியை நம்பி இன்று இறங்கக்கூடாது. படத்தின் இறுதி வடிவம் யார் முடிவு என்பது நிறுவனத்தோடு எழுத்தில் இருக்கட்டும். சிறுவர், நோயாளி என்றால் பாதுகாவலரின் சம்மதமும் எழுத்தில்.

பணத்துக்கு வருவோம். 1971இல் ஜிபோரா ஃபிலிம்ஸ் என்று சொந்த விநியோக நிறுவனம் தொடங்கினார், மனைவியின் பெயரில். உரிமையை விற்காமல் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் பிரதிகளை வாடகைக்கு விட்டார். நியூயார்க் பொதுத் தொலைக்காட்சியான டபிள்யூநெட் ஒப்பந்தம் 70களைத் தாங்கியது. 1982இல் மெக்கார்தர் அறக்கட்டளையின் நிதி. விருதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்: வெனிஸ் வாழ்நாள் தங்கச் சிங்கம் 2014, கௌரவ ஆஸ்கர் 2016. போட்டியில் அவர் படம் ஒன்றுகூட ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதில்லை.

எடிட்மேசை:
'சிட்டி ஹாலை' வைத்துப் படிக்காதீர்கள், அகலம் அதிகம். 'ஹை ஸ்கூல்' (1968) 75 நிமிடம்தான். அதில் வைஸ் பிரின்சிபால் மாணவனோடு பேசும் காட்சியை முதலில் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள், பிறகு ஒலியை நிறுத்திப் பாருங்கள். எந்த வாக்கியத்தின் நடுவில் ஷாட் மாறுகிறது என்று குறித்துக்கொண்டே போனால் வெட்டு எங்கே மறைந்திருக்கிறது என்பது பிடிபடும். அதற்கப்புறம் 'வெல்ஃபேர்' (1975).