பார்சிலோனாவிலிருந்து ஏதென்ஸா, ஏதென்ஸிலிருந்து பார்சிலோனாவா: ஒருவழிக் கப்பல் பயணத்துக்கு எந்தத் திசை?

கேள்வி: பொன்னிக்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும் 68 வயதான என் அம்மாவும் மத்தியதரைக் கடலில் ஒன்பது இரவுகள் கொண்ட ஒருவழிக் கப்பல் பயணம் செல்லவிருக்கிறோம். கப்பல் பார்சிலோனாவில் புறப்பட்டு, பிரான்ஸின் மார்சேய், இத்தாலியின் லிவோர்னோ, சிவிதாவெக்கியா, நேப்பிள்ஸ் ஆகிய துறைமுகங்களில் அடுத்தடுத்த நாட்களில் நின்று, ஒரு முழு நாளைக் கடலிலேயே கழித்த பிறகு, கிரேக்கத் தீவான சான்டோரினி, துருக்கியின் குஷாதாசி, மற்றொரு கிரேக்கத் தீவான மைக்கோனோஸ் வழியாக ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸை அடைகிறது. அன்று மாலையே அதே கப்பல் புதிய பயணிகளை ஏற்றிக்கொண்டு, அதே ஊர்களை எதிர்வரிசையில் தொட்டுப் பார்சிலோனாவுக்குத் திரும்புகிறது. முதல் பயணம் அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. திரும்பும் பயணம் இரண்டாம் வாரத்தில் தொடங்கி 20ஆம் தேதியை ஒட்டி முடிகிறது. கட்டணத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஊர்களும் ஒன்றே, கப்பலும் ஒன்றே என்பதால் எந்தத் திசையாக இருந்தால் என்ன என்று பயண முகவர் சொல்கிறார். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அம்மாவால் சமதரையில் நன்றாக நடக்க முடியும். படியேறினால் முழங்கால் வலிக்கும். இவ்வளவு நீண்ட விமானப் பயணமும் அவருக்கு இதுவே முதல் முறை. நாங்கள் திருச்சியிலிருந்து சென்னை வந்து, வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறிச் செல்ல வேண்டும். தொடங்கும் ஊரிலும் முடியும் ஊரிலும் இரண்டிரண்டு இரவுகள் தங்க எண்ணியிருக்கிறோம். இந்தப் பகுதியில் பயணம் செய்தவர்கள், எந்தத் திசையை ஏன் தேர்ந்தெடுப்பீர்கள் என்று காரணத்தோடு சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: நெய்தல்நிலத்தான்

உங்கள் குடும்பத்துக்கும் நீங்கள் சொல்லும் தேதிகளுக்கும் பார்சிலோனாவிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மூன்று காரணங்கள் சொல்கிறேன். அவற்றில் முதலாவதுதான் முக்கியம்.

இந்தப் பாதையில் உண்மையான அலைச்சல் தீவுகளில் இல்லை, இத்தாலியில் இருக்கிறது. லிவோர்னோ என்று நிரலில் போட்டிருந்தாலும் பயணிகள் பார்க்க விரும்புவது பெரும்பாலும் புளோரன்ஸை. அது துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சிவிதாவெக்கியாவிலிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் போனாலும் ஒரு மணி நேரம் ஆகும். நேப்பிள்ஸில் இறங்கியதும் பண்டைய ரோமானிய நகரமான பொம்பேய்க்குக் கிளம்ப வேண்டும், அங்கே நடப்பதெல்லாம் மேடும் பள்ளமுமான பழைய கல்பாவிய தெருக்களில்தான். காலை ஏழு மணிக்குச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு இறங்கினால் மாலை ஆறு மணிக்குத்தான் கப்பலுக்குத் திரும்புவோம் என்ற நிலை மூன்று நாட்கள் தொடரும். கிழக்கு நோக்கிப் போனால், பார்சிலோனாவில் இரண்டு இரவு உறங்கித் தெளிந்த உடம்போடு இந்த நாட்களைச் சந்திப்பீர்கள். அவை முடிந்த மறுநாளே கடலில் ஒரு முழு நாள் ஓய்வு கிடைக்கும். மேற்கு நோக்கிப் போனால் இந்த அலைச்சல் முழுவதும் பயணத்தின் கடைசியில் வந்து சேரும். அதற்குப் பின் ஓய்வு நாள் கிடையாது. கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைத்துவிட்டு, விடிந்ததும் இறங்க வேண்டியதுதான். அம்மாவின் முழங்காலை நினைத்துப் பார்த்தால் இந்த ஒன்றே போதும் என்பேன்.

இரண்டாவது, பருவம். மேற்கு மத்தியதரைக் கடலோரத்தில், அதாவது பார்சிலோனா முதல் இத்தாலியின் மேற்குக் கரை வரை, இலையுதிர்காலம்தான் மழைக்காலம். கோடை முழுவதும் சூடேறிய கடலின் மேல் குளிர்ந்த காற்று வந்து சேரும்போது கனமழை கொட்டும். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் இதமான வெயில் இன்னும் சில வாரங்கள் நீடிக்கும். கோடையில் அங்கே சீறி வீசும் மெல்தெமி என்ற வடகாற்றும் அதற்குள் பெரும்பாலும் தணிந்திருக்கும். ஆகவே அக்டோபரில் மேற்கை முதலில் முடித்துக்கொண்டு கிழக்கே நகர்வது வெயிலைத் தொடர்ந்து போவதற்குச் சமம். ஏப்ரல், மே மாதங்களில் கேட்டிருந்தால் கிழக்கே தொடங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், ஏனெனில் அப்போது முதலில் வெதுவெதுப்பாவது கிழக்குப் பகுதியே.

மூன்றாவது, காற்று. இந்தக் கடலில் மிகுதியும் வீசுவது வடமேற்கிலிருந்து வரும் காற்று. பண்டைக் காலத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்குத் தானியம் ஏற்றிய பாய்க்கப்பல்கள் இதை எதிர்த்து வந்ததால், ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடலில் தத்தளித்தன. திரும்பிப் போகும்போது அதே தூரத்தை இரண்டு மூன்று வாரங்களில் கடந்தன. இன்றைய கப்பலின் கால அட்டவணையைக் காற்று மாற்றாது என்றாலும், மேல்தளத்தில் நிற்பவருக்கு வேறுபாடு நன்றாகத் தெரியும். கப்பல் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, காற்றும் 25 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசுகிறது என்றால், முகத்தில் அறைவது 60 கிலோமீட்டர் காற்று. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் மேல்தளத்தில் 10 கிலோமீட்டர் தென்றல்தான் இருக்கும். கடலில் கழிக்கும் அந்த ஒரு நாளில் அம்மா வெளியே நாற்காலி போட்டு உட்கார முடியுமா என்பதை இதுவும் முடிவு செய்யும்.

பதில் 2: கல்தூண்

முந்தைய பதிலில் உள்ள காரணங்களை மறுக்கவில்லை. ஆனால் எதிர்த்திசைக்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. அதை எடைபோடாமல் நீங்கள் முடிவெடுக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

ஏதென்ஸில் தொடங்கி மேற்கே வந்தால் வரலாறு நடந்த வரிசையிலேயே ஊர்களைப் பார்ப்பீர்கள். கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய பார்த்தினான் கோவிலை முதலில் பார்க்கிறீர்கள். பிறகு குஷாதாசியிலிருந்து எபேசஸ் என்ற பண்டைய நகரத்துக்குச் சென்று, அதே கிரேக்கத் தூண்களை ரோமானியர்கள் இரண்டாம் நூற்றாண்டில் ஒரு நூலகத்தின் முகப்பில் எப்படி அடுக்கினார்கள் என்று பார்க்கிறீர்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய், பேரரசின் தலைநகரான ரோம், 1436இல் கட்டி முடிக்கப்பட்ட பேராலயக் குவிமாடத்தோடு நிற்கும் புளோரன்ஸ், 1882இல் தொடங்கி இன்னும் பணி நடக்கும் பார்சிலோனாவின் சக்ரதா ஃபமிலியா தேவாலயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் நாள் கண்ட வடிவத்தை நாலாம் நாள் வேறு கைகளில் மாறிய உருவத்தில் அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சி இந்தத் திசையில்தான் முழுமையாகக் கிடைக்கும்.

இதற்கு ஒரு சிறு சான்று. நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் தடியின் மேல் சாய்ந்து களைப்போடு நிற்கும் ஹெர்குலிஸின் மாபெரும் பளிங்குச் சிலை ஒன்று இருக்கிறது. அவன் சாய்ந்திருக்கும் பாறையில் 'ஏதென்ஸைச் சேர்ந்த கிளைக்கான் செய்தது' என்று கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறது. ரோமில் ஒரு குளியல் மாளிகைக்காக, ஏதென்ஸ் சிற்பி ஒருவர், லிசிப்பஸ் என்ற முந்தைய கிரேக்கச் சிற்பியின் படைப்பைப் பார்த்துச் செதுக்கியது அது. ஏதென்ஸைப் பார்த்துவிட்டு வந்தவர் அந்தச் சிலைமுன் நிற்பதும் பார்க்காமல் நிற்பதும் ஒன்றல்ல. பொம்பேயில் 1938இல் கண்டெடுத்த இந்தியத் தந்தச் சிற்பமும் அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததுதான். பொம்பேயின் வெயிலும் கற்களும் அம்மாவுக்கு ஆகாது என்று பட்டால், எந்தத் திசையில் போனாலும் நேப்பிள்ஸ் நாளை இங்கேயே கழிக்கலாம்.

நேரமும் மேற்குத் திசைக்கே சாதகம். கோடை நேரக் கணக்கில் கிரேக்கம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, ஸ்பெயின் மூன்றரை மணி நேரம். ஏதென்ஸில் இறங்கினால் உடம்பு பழகுவது எளிது. வளைகுடாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமான நேரமும் பார்சிலோனாவைவிடக் குறைவு. கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்கு வரும் இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே நகர்த்துவார்கள், ஆகவே அந்த நாளுக்கு 25 மணி நேரம். கிழக்கே போகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை இழப்பார்கள்.

பதில் 3: கடவுச்சீட்டு

இருவரும் தொடாத விசா விஷயத்தைச் சொல்கிறேன், ஏனெனில் இதுவும் திசையோடு தொடர்புடையது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாட்கள் இருப்பீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கப்பல் நிற்கும் நாட்களும் கணக்கில் வரும். நீங்கள் சொல்லும் திட்டப்படி சான்டோரினி, மைக்கோனோஸ், ஏதென்ஸ் எல்லாம் சேர்த்துக் கிரேக்கத்தில் ஐந்து நாட்கள் வருகின்றன. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மும்மூன்று நாட்கள்தான். எனவே எந்தத் திசையில் போனாலும் கிரேக்கத்திடமே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பார்சிலோனாவில் கூடுதலாக இரண்டு இரவுகள் தங்கினால் ஸ்பெயினுக்கும் ஐந்து நாட்களாகிவிடும். நாட்கள் சமமாகும்போது முதலில் நுழையும் நாடே கணக்கு. அப்போது கிழக்கு நோக்கிய பயணத்துக்கு ஸ்பெயின், மேற்கு நோக்கிய பயணத்துக்குக் கிரேக்கம் என்று மாறும். ஆகவே விடுதிகளை முடிவு செய்த பிறகு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று: குஷாதாசி துருக்கியில் இருக்கிறது, அது ஷெங்கன் பகுதி அல்ல. அங்கே நின்று மறுபடி கிரேக்கத்துக்கு வரும்போது இரண்டாவது நுழைவாகக் கொள்ளப்படும். எனவே ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது. இரு முறையோ பல முறையோ நுழையும் விசாவை விண்ணப்பத்திலேயே கேளுங்கள், காரணமாகக் கப்பலின் நிரலை இணையுங்கள். குஷாதாசியில் இறங்க இந்தியக் கடவுச்சீட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானச் சீட்டை இரண்டு தனித்தனி ஒருவழிச் சீட்டுகளாக வாங்காமல், ஓர் ஊருக்குப் போய் வேறோர் ஊரிலிருந்து திரும்பும் மல்டி-சிட்டி பதிவாக வாங்குவது பெரும்பாலும் மலிவு.

பொன்னிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கல்தூண் எழுதியதைப் படித்தபோது மேற்கே போக வேண்டும் என்ற ஆசை மிகவும் எழுந்தது. இருந்தாலும் புளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் மூன்றையும் களைத்துப்போன அம்மாவோடு கடைசியில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஆகவே பார்சிலோனாவிலிருந்தே தொடங்குகிறோம். நேப்பிள்ஸில் அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. பால்கனி அறையைக் கப்பலின் எந்தப் பக்கத்தில் எடுப்பது? சான்டோரினியிலும், ஏதென்ஸில் பார்த்தினான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றிலும் அம்மா படியேறாமல் மேலே போக வழி உண்டா?

நெய்தல்நிலத்தான்

கிழக்கு நோக்கிப் போகும்போது ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலிக் கரைகள் உங்கள் இடப்பக்கம் வரும். வெயில் பெரும்பாலும் வலப்பக்கம் விழும். எனவே கரையையும் நிழலையும் விரும்பினால் இடப்பக்கம், சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க விரும்பினால் வலப்பக்கம். கப்பல் மிகுதியும் இரவில் ஓடுவதால் கரை தெரிவது புறப்படும் மாலையிலும் சேரும் விடியலிலும்தான். அதற்காக மிகுந்த கூடுதல் தொகை கொடுக்க வேண்டாம். கப்பல் நேப்பிள்ஸிலிருந்து நேரே தெற்கே போய், சுமார் மூன்று கிலோமீட்டர் அகலமே உள்ள மெசினா நீரிணையைப் பகலில் கடந்தால், வலப்பக்கம் சிசிலியும் வானம் தெளிவாக இருந்தால் எட்னா எரிமலையும் தெரியும். அந்த நேரத்துக்கு மேல்தளத்துக்குப் போய்விட்டால் எந்தப் பக்கத்து அறையானாலும் குறையில்லை.

சான்டோரினியில் பெரிய கப்பல்கள் துறையில் கட்டுவதில்லை. சிறு படகில் இறக்கிப் பழைய துறைமுகத்தில் விடுவார்கள். அங்கிருந்து மேலே உள்ள ஃபிரா ஊருக்கு ஏறத்தாழ 600 படிகள், அல்லது கழுதை, அல்லது கேபிள் கார். அம்மாவுக்குக் கேபிள் கார்தான். வரிசை நீளும் என்பதால் முதல் படகுகளிலேயே இறங்கிவிடுங்கள், திரும்பும்போதும் கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள். அலை மிகுந்தால் படகு விடாமல் அந்த நிறுத்தத்தையே கைவிடவும் கூடும். அதை அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில், நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்காக 2020இல் புதிய லிஃப்ட் ஒன்று அமைத்திருக்கிறார்கள். அது எல்லோருக்கும் பொதுவானது அல்ல; எனவே முழங்கால் பற்றிய மருத்துவச் சான்றை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, போவதற்கு முன்பே நிர்வாகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். பிரேயஸில் இறங்கிய காலையிலேயே அங்கே ஓட வேண்டாம். பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு அன்று ஓய்வெடுங்கள். மறுநாள் வெயில் ஏறுமுன் போகலாம். ஊர் திரும்பும் நாளில் நகருக்குள்ளிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடம் நேரே விமான நிலையத்துக்குப் போகிறது. அந்தத் தடம் 2022 முதல் பிரேயஸ் வரை நீண்டிருப்பதால், துறைமுகத்தருகே விடுதி எடுத்தாலும் வண்டி மாற வேண்டியதில்லை.