டோக்கியோ சுஷி கவுண்டர்: புக்கிங், சாப்பிடும் முறை, அப்புறம் நம்ம கேரை மீனைப் பச்சையா வைக்கலாமா?

முருகன்குறிச்சி எழுதியது:

வணக்கம் மக்கா. மார்ச் கடைசியில அம்மா, மச்சான், நான் மூணு பேரும் டோக்கியோ போறோம். ஒரு நாள் ராத்திரி கின்ஸா பக்கம், எட்டுப் பத்து பேர் மட்டும் உக்கார்ற நல்ல சுஷி கவுண்டர்ல ஒமகாசே, அதாவது சமையல்காரரே தேர்ந்தெடுத்து வைக்கிற சாப்பாடு, சாப்பிடணும்னு இருக்கு. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேல ஆகும்னு தெரியும், அதுக்குத் தயாராத்தான் இருக்கோம். இங்கேருந்து எப்படி புக் பண்ணணும், உக்காந்த பிறகு எதைச் செய்யணும், எதைச் செய்யக்கூடாது? அம்மா சுத்த சைவம், அவங்களையும் கூட்டிட்டுப் போகலாமா?

இன்னொண்ணு. உவரியிலயும் கூத்தங்குழியிலயும் காலையில கரையேறுற மீன் மத்தியானத்துக்குள்ள பாளை மார்க்கெட்டுக்கு வந்துருது. அவ்வளவு புதுசா இருக்கிற கேரையை, நம்ம சூரை வகை மீன்தான், வாங்கி, அம்பை 16 அரிசியைக் குழைய வடிச்சு, திரும்பி வந்ததும் வீட்டுலயே செஞ்சு பாத்தா என்ன? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கவாசாகி நெல்லை எழுதியது:

அண்ணாச்சி, முதல்ல அம்மா விஷயம். கவுண்டருக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, அவங்க வாயில வைக்க அங்க ஒண்ணும் இருக்காது. எடோங்கிற பழைய டோக்கியோ முறையில சுடுற முட்டை அடையில கூட இறாலோ வெள்ளை மீனோ அரைச்சுச் சேர்ப்பாங்க. சூப்புல தாஷிங்கிற அடிச்சாறு, அந்தத் தாஷியில கட்சுஓபுஷி, அதாவது புகை போட்டுக் காய வச்ச சூரைச் சீவல். காய்கறி டெம்புரா தொட்டுக்கிற சாறுலயும் அதேதான். அம்மாவுக்குத் தனியா ஒரு நாள் ஷோஜின் ர்யோரி போடுங்க. புத்த மடத்துச் சாப்பாடு, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது, தாஷியைக் கொம்புங்கிற கடல்பாசியிலயும் ஷீடாகே காளான்லயும் எடுப்பாங்க. இந்தக் காலத்துல சில கடை அந்தப் பேரை வச்சுக்கிட்டு மீன் தாஷி ஊத்துது. அதனால புக் பண்ணும்போதே மீன் தாஷி வேண்டாம்னு எழுதிக் கேட்டுருங்க.

இப்ப கவுண்டர். மார்ச் கடைசி சகுரா பூக்கிற நேரம், இடம் கிடைக்கிறது கஷ்டம். ஒமகாசே (இது தளத்தோட பேரு), டேபிள்செக், தபேலாக் மாதிரி முன்பதிவுத் தளங்கள்ல பல கடைகள் அடுத்த மாசத்துக்கோ அதுக்கடுத்த மாசத்துக்கோ உள்ள இடத்தை ஒரு குறிப்பிட்ட தேதியில, குறிப்பிட்ட மணிக்குத் திறக்கும். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னாடி, அங்க காலை 10 மணின்னா இங்க 6:30. கார்டு விவரத்தை முன்னாடியே பதிஞ்சு வச்சிருக்கணும். இங்கதான் நம்ம ஆளுங்க மாட்டுறது: ரிசர்வ் பேங்க் 2020-ல போட்ட விதிப்படி, நாமளா வங்கி ஆப்புல திறந்து விட்டாத்தான் கார்டு வெளிநாட்டு ஆன்லைன் கட்டணத்துக்கு வேலை செய்யும். அதைத் திறக்காம விட்டா கடைசி படியில கட்டணம் ஏறாம இடம் அடுத்த ஆளுக்குப் போயிரும். கிடைக்கலேன்னா தங்குற ஹோட்டல்ல விருந்தினருக்கு முன்பதிவு பண்ணித் தர்ற கன்சியர்ஜ்கிட்ட ரெண்டு மாசம் முன்னாடியே எழுதுங்க. சில கடை பழைய வாடிக்கையாளர் கூட்டிட்டு வந்தாத்தான் சேர்க்கும். சுகியாபாஷி ஜிரோங்கிற பேர்போன சுஷி கடை பொதுமக்களுக்கு முன்பதிவே தர்றதில்லைன்னு மிஷெலின் உணவக வழிகாட்டியோட 2020 பதிப்புல இருந்தே எடுத்துட்டாங்க. அந்த மாதிரி பேர்களை மனசுல வச்சு அலைய வேண்டாம்.

கடைசி நேரத்துல ரத்து பண்ணினா பெரும்பாலும் முழுப் பணமும் போயிரும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கிறதால, 15 நிமிஷம் பிந்தினாலே சில கடை வரலைன்னு எழுதிரும். முதல் தரக் கடையில ராத்திரிக்கு 30,000 யென்ல இருந்து 50,000 வரை, அதுக்கு மேலயும் உண்டு. குடிக்கிறது தனி, சில இடத்துல பத்து சதவீதம் சேவைக் கட்டணமும் தனி. டிப்ஸ் வைக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாடு போடுற கடையும் இருக்கு, அதே கை, விலை நல்லாவே குறையும். முதல் தடவைன்னா நான் அதைத்தான் சொல்லுவேன். டோக்கியோவோட மீன் சந்தையான டொயோசு ஞாயித்துக்கிழமையும் சில புதன்கிழமையும் லீவு. கடைகளும் அதை ஒட்டித்தான் மூடும், தேதியைப் பாத்துப் போடுங்க.

போற அன்னைக்கு சென்ட், ஜவ்வாது, அத்தர் எதுவும் வேண்டாம். பெண்கள் யாராவது கூட வந்தா மல்லிப்பூவும் வேண்டாம். வெள்ளை மீனோட வாசம் அவ்வளவு மெல்லிசு, பக்கத்து ஆள் சாப்பாடும் கெட்டுரும். மேஜை ஹினோகி மரம், மேல பூச்சு கிடையாது. வளையல், வாட்ச், காப்பு கழட்டிருங்க, போனை அதுமேல வைக்காதீங்க. போட்டோ கேட்டுட்டு எடுக்கலாம், சத்தம் வராம, சாப்பாட்டை மட்டும்.

சாப்பிடுறதுல ஒரே ஒரு விதி மத்த எல்லாத்தையும் விடப் பெரிசு: வச்ச உடனே எடுத்து வாயில போடணும். சோறு உடம்புச் சூட்டுல, மீன் அதைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும்படி கணக்குப் பண்ணித்தான் பிடிக்கிறாங்க. போட்டோவுக்கு ஒரு நிமிஷம் போச்சுன்னா ரெண்டும் ஒரே சூட்டுக்கு வந்துரும், நோரிங்கிற கடல்பாசித் தாள் சுத்தினதுன்னா அது நமுத்தும் போயிரும். கையால சாப்பிடலாம், நமக்கு அது லேசு. விரல் துடைக்க ஈரத் துணி தருவாங்க. கடிச்சுப் பாதியை வைக்காம முழுசா போடணும். பெரிசா இருந்தா சோறு குறைச்சுப் பிடிங்கன்னு கேட்டா குறைச்சுத் தருவாங்க. சோயா சாஸைக் காய்ச்சி மிரினோ (இனிப்பு அரிசி மது) சாக்கேயோ (அரிசி மது) கலந்து அவங்களே மேல தடவிருவாங்க, வசாபியும் உள்ளே இருக்கும். தொட்டுக்கச் சோயா தேட வேண்டாம். இஞ்சி ரெண்டு துண்டுக்கு நடுவுல நாக்கைச் சுத்தம் பண்ண மட்டும்.

வழக்கமா முதல்ல சின்னச் சின்னத் தட்டு வரும், அப்புறம் கைப்பிடி சுஷி. வெள்ளை மீன், கணவாய், பிறகு சூரையில செவந்த பாகம், நடுக்கொழுப்பு, முழுக்கொழுப்பு, வேக வச்ச இறால், உனி (கடல் முள்ளெலி), கடல் விலாங்கு, கடைசியில முட்டை. வரிசை கடைக்குக் கடை மாறும். மார்ச் கடைசின்னா ஹோட்டாரு கணவாய் வரும், டொயாமா வளைகுடாச் சரக்கு. எல்லாரும் கொழுப்புச் சூரைக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க, ஆனா கடையோட கைத்தரம் தெரியிறது கொஹடாவுல. சின்ன மீன், உப்பு போட்டு வச்சு, கழுவி, வினிகர்ல ஊற வைக்கிறது. உப்பு நிமிஷம், வினிகர் நிமிஷம் ரெண்டும் மீனோட பருமனுக்கும் கொழுப்புக்கும் தக்க மாத்தணும். கூடினா ரப்பர், குறைஞ்சா கவிச்சி. முடிவுல இன்னும் ஏதாவது வேணுமான்னு கேப்பாங்க, அது ஒவ்வொண்ணுக்கும் தனிக் காசு.

தருவைகுளம் கரை எழுதியது:

கேரைக் கேள்விக்கு நான் சொல்லுதேன். வேண்டாம். புதுசா இருக்கிறது ஒரு தகுதி, அவ்வளவுதான், பச்சையா திங்க அது பத்தாது.

நம்ம பக்கம் கேரை பெரும்பாலும் வழிவலையில மாட்டி வருது. வலையில துடிச்சே சாகும்போது உடம்புச் சூடு ஏறி, லாக்டிக் அமிலம் சேர்ந்து, சதை வெளிறிப் புளிச்சுப் போகும். ஜப்பான்ல இதை வெந்த சதைன்னு ஒதுக்கிருவாங்க. அவங்க முறையில நல்ல மீனைத் தூக்கின உடனே மூளையில குத்தி, முதுகுத்தண்டுக்குள்ள கம்பி விட்டு, ரத்தம் வடிச்சு, ஐஸும் கடல்தண்ணியும் கலந்த கூழ்ல முக்கி வைப்பாங்க. சதையில இருக்கிற ஏடிபிங்கிற சக்திப் பொருள் மெதுவா இனோசினேட்டுங்கிற ருசிப் பொருளா மாறுது, ருசி அதுதான். பெரிய சூரையை ஒரு வாரத்துக்கு மேலயும் பதமா ஆற வச்சுத்தான் கவுண்டர்ல வைக்கிறது. அதாவது நீங்க அங்க திங்கப் போறது அன்னைக்குப் பிடிச்ச மீனா இருக்கணும்னு இல்ல. கணவாய், சாளை வகை வேற கதை.

ஆபத்து மூணு வகை, மூணுக்கும் மருந்து வேற வேற. ஒண்ணு ஹிஸ்டமின். சூரை, அயிலை, சாளை, சீலா மாதிரி மீனு 4 டிகிரிக்கு மேல கிடந்தா பாக்டீரியா அதை உண்டாக்கும். நம்ம கடல்தண்ணியே 28, 30 டிகிரி. ஐஸ் மேல வச்சிருந்தா போதாது, பெரிய கேரையோட நடுச்சதை குளிர மணிக்கணக்கா ஆகும். உண்டான ஹிஸ்டமின் வேக வச்சாலும் போகாது, உறைய வச்சாலும் போகாது. முகம் செவந்து, தடிச்சு, தலைவலி, படபடப்பு வரும். மிளகு மாதிரி நாக்குல சுருக்குன்னா அதோட துப்பிருங்க. ஆனா எல்லா நேரமும் ருசியில தெரியாது.

ரெண்டாவது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950-ல ஒசாகாவுல நடந்த பெரிய விஷச் சாப்பாட்டுல கண்டுபிடிச்ச கிருமி, சூடான கடல்ல இருக்கும், வேகமாப் பெருகும். நல்ல தண்ணியில கழுவினா குறையும், குளிர்ல அடங்கும், வெந்தா சாகும். மீன் வெட்டுற பலகையில இருந்து பச்சைச் சதைக்குத் தாவுறதுதான் மார்க்கெட்டுல நடக்கிறது. ஒரே கத்தி, ஒரே கட்டை, குடலும் அதுலதான்.

மூணாவது புழு, அனிசாக்கிஸ். அமெரிக்க உணவு மருந்துத் துறையான எஃப்டிஏ சொல்ற கணக்கு: மைனஸ் 20 டிகிரியில 7 நாள், இல்ல மைனஸ் 35-ல கெட்டியாகி 15 மணி நேரம். வீட்டு ஃப்ரீசர் நல்லா வேலை செஞ்சாலே மைனஸ் 18, கதவைத் திறந்து மூடினா அதுவும் கிடையாது. வினிகரோ வசாபியோ புழுவைக் கொல்லாது. பெரிய சூரை வகையில புழு அபாயம் குறைவு, அதனால எஃப்டிஏ அதுக்கு இந்த விதியைக் கேக்கல. ஆனா நம்ம கரையில கேரைக்கு முதல் ரெண்டும்தான் பெரிய பயம், அதை ஃப்ரீசர் தீர்க்காது.

கடையில ரொம்ப நாள் ஆனாலும் தர்பூசணி நிறத்துல இருக்கிற உறைஞ்ச சூரைத் துண்டு கிடைச்சா யோசிங்க. கார்பன் மோனாக்சைடு ஏத்தினா மீன் கெட்ட பிறகும் செவப்பு போகாது. ஜப்பானும் ஐரோப்பாவும் அதை அனுமதிக்கிறதில்ல. இயல்பா உறைஞ்ச சூரை மைனஸ் 60-ல இருந்தாத்தான் நிறம் நிக்கும், சாதாரண ஃப்ரீசர்ல பழுப்பாகிரும்.

வீட்டுல செய்ய ஆசைன்னா வெந்ததை வச்சே எடோ சுஷியில நிறைய இருக்கு. இறாலை வாலில இருந்து தலை வரை அடிப்பக்கமா ஈர்க்குக்குச்சி சொருகி வேக வச்சா சுருளாது. உப்புத் தண்ணியில முழுசா வெந்ததும் ஐஸ் தண்ணியில போட்டு, பிறகு குச்சியைத் திருகி உருவணும். நேரா இழுத்தா சதை பிய்யும். தாமிரபரணி விலாங்கு கிடைச்சா வழுவழுப்பை உப்பும் வெந்நீரும் வச்சுத் தேய்ச்சு எடுத்து, சோயா, சீனி, சாக்கேயில மெதுவா வேக வைங்க. விலாங்கு ரத்தம் பச்சையா விஷம், கண்ணுல படக்கூடாது. நல்லா வெந்தா போயிரும்.

கல்லிடை அரிசி எழுதியது:

மீனுக்கு முன்னாடி சோத்தைச் சொல்லணும். கவுண்டர்ல காசு கொடுக்கிறது பாதிக்குப் பாதி சோத்துக்குத்தான்.

அம்பை 16 குட்டையா, உருண்டையா இருக்கிறதால சுஷிக்கு ஒத்துவரும்னு தோணும். இட்லிக்கு அது தங்கம். ஆனா சோத்தை விறைக்க வைக்கிற அமைலோஸ்ங்கிற மாவுச்சத்து கூடுதல். சூடா இருக்கையில குழையும், ஆறினதும் பருக்கை விறைச்சுப் பிரிஞ்சுரும். கூடத் தண்ணி விட்டுக் குழைச்சா மேல கூழ், உள்ளே கெட்டி, அவ்வளவுதான். ஜப்பான் வகை அரிசியில அமைலோஸ் குறைவு, ஆறினாலும் மெதுவாவும் ஒட்டியும் நிக்கும். சுஷி அரிசின்னு பாக்கெட்டுல வாறதை வாங்குங்க.

450 கிராம் அரிசியைத் தண்ணி தெளியிற வரை லேசா கழுவி, அரை மணி ஊற வச்சு, நல்லா வடிச்சு, அளவுக்கு அளவு தண்ணியோ ஒரு கைப்பிடி கூடவோ விட்டு வேக வைங்க. இறக்கிப் பத்து நிமிஷம் மூடி வைக்கணும். வினிகர் 65 மில்லி, சீனி 30 கிராம், உப்பு 12 கிராம், லேசா சூடு காட்டிக் கரைச்சாப் போதும். கொதிக்க விட்டா புளிப்பு பறந்துரும். சிவப்பு வினிகர் போடுற கடைகள் சீனியை ரொம்பக் குறைச்சிருவாங்க, சோறு பழுப்பா இருக்கும். பழைய சாக்கே சக்கையில இருந்து எடுக்கிற வினிகர் அது. நம்ம மளிகைக்கடை செயற்கை வினிகர் ஊத்தாதீங்க, தொண்டையைப் பிடிக்கும்.

சோறு ஆவி பறக்கிறப்பவே வினிகரை ஊத்தணும். ஆறின சோறு உள்ள இழுக்காது, அடியில தேங்கி ஒரு பக்கம் புளிச்சு ஒரு பக்கம் சப்புன்னு இருக்கும். அகப்பையைச் சாய்ச்சு வெட்டுற மாதிரி கலக்குங்க, பிசையக்கூடாது. கலந்து முடிச்ச பிறகுதான் விசிறியை எடுக்கணும், முன்னாடியே வீசினா மேல்புறம் காஞ்சு வினிகர் ஏறாது. அகலமான மரத்தொட்டி கூடுதல் ஈரத்தை இழுத்துக்கும். எவர்சில்வர் தாம்பாளம்னா அந்த ஈரம் அடியில நிக்கும், அடிச்சோத்தை விட்டுருங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்கவே கூடாது, அந்தக் குளிர்லதான் மாவுச்சத்து சீக்கிரம் விறைக்கும். ஈரத்துணி மூடி, நம்ம வெயில் காலத்துல ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிருங்க. வினிகர் சரியா ஏறி, புளிப்பைக் காட்டுற பிஎச் அளவு 4.6-க்குக் கீழ இருந்தாத்தான் சோத்துக் கிருமி அடங்கும். உடம்புக்கு நல்லதுன்னு வினிகரைக் குறைச்சா அந்தப் பாதுகாப்பு போயிரும்.

முருகன்குறிச்சி எழுதியது:

ரொம்ப நன்றி. மத்தியானச் சாப்பாடே புக் பண்ணுறோம், கேரையைப் பொரிச்சே தின்னுக்கிடுதோம். ஒரே ஒரு சந்தேகம். சூப்புக்குக் கட்சுஓபுஷி இங்க கிடைக்கல, மாசிக் கருவாடு போட்டா ஆகுமா?

தருவைகுளம் கரை எழுதியது:

ஆகும். ரெண்டுமே சூரையை வேக வச்சு, புகை போட்டு, காய வைக்கிறதுதான். மாசியை உப்புத் தண்ணியில வேக வைக்கிறதால உப்பு தூக்கலா இருக்கும், கூடவே மண்ணும் இருக்கும். முதல்ல கழுவித் துடைச்சு, வெயில்ல காய வச்சு, மெல்லிசாச் சீவிக்கிடுங்க. உரல்ல இடிச்சா தூள் கலங்கி சாறு மங்கிரும். ஒரு லிட்டர் தண்ணியில 10 கிராம் கொம்புப் பாசியை அரை மணி ஊற வச்சு, மெதுவா சூடாக்கி, கொதி வர்றதுக்கு முன்னாடியே பாசியை எடுத்துருங்க. பிறகு கொதிச்சதும் 25 கிராம் மாசிச் சீவலைப் போட்டு அடுப்பை அணைங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பிழியாம துணியில வடிங்க, பிழிஞ்சா கசக்கும். சோயாவை ஊத்துறதுக்கு முன்னாடி உப்பு பாத்துக்கிடுங்க.