கோவையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள்: லீட்ஸ் பக்கம் செலவு அதிகம் வைக்காத இடங்கள் சொல்லுங்கள்

கொங்குமகன், லீட்ஸ்

வணக்கம். அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று வாரம் ஆகிறது. செப்டம்பர் பாதி வரை இருப்பார்கள். அப்பாவுக்கு 71 வயது. ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் சிரமம். பிள்ளைகளுக்கு 9 வயது, 4 வயது. எங்களிடம் கார் இல்லை.

சென்ற சனிக்கிழமை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 160 பவுண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்த நிமிடத்திலிருந்து முகம் மாறிவிட்டது. பேத்தி நீட்டிய ஐஸ்கிரீமைக்கூட வாங்கவில்லை. அப்பா நாள் முழுக்க எங்கள் பைகளுக்குக் காவலாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நண்பரின் குடும்பமும் எங்களோடு வரும்; மொத்தம் பத்துப் பேர். பெரியவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களாக ஒதுங்கி இருக்காமல், அவர்களுக்கும் அது ஒரு நாளாக அமைய வேண்டும். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரயில்காரன், யார்க்

யார்க்கில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவு இலவசம், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடைதான், உள்ளே பெரும்பாலும் சமதரை. 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி நீராவி இன்ஜின்களில் சாதனை படைத்த மல்லார்டு அங்கே நிற்கிறது. ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்காரலாம்; உங்கள் நான்கு வயதுக் குழந்தை அதைவிட்டு இறங்காது. கோட்டை மதிலில் நடப்பதும் இலவசம், ஆனால் ஏறப் படிகள் உண்டு. நீங்களும் பிள்ளைகளும் மதிலில் ஒரு பகுதி நடந்துவிட்டு வரும்வரை, அம்மா ‘மியூசியம் கார்டன்ஸ்’ என்ற பூங்காவின் புல்வெளியில் இருக்கலாம்.

ஷிப்லி அக்கா, பிராட்ஃபோர்டு

தம்பி, உங்கள் அப்பா நூற்பாலைக்காரர் என்று படித்ததும் கைவேலையை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். அவரை முதலில் சால்டேருக்கு அழைத்து வாருங்கள். மற்ற ஊர்கள் எல்லாம் அப்புறம்.

லீட்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். இறங்கினால் எதிரிலேயே மில். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி முதலாளி 1853இல் திறந்தது. லிவர்பூல் கிடங்கு ஒன்றில் யாரும் சீந்தாமல் கிடந்த, தென்னமெரிக்காவின் அல்பாகா என்ற விலங்கின் மயிர் மூட்டைகளை வாங்கி, அதை நூலாக்கும் வழியைக் கண்டு பெரும் பணக்காரர் ஆனவர். மில்லைச் சுற்றியே தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை, தேவாலயம் என்று ஓர் ஊரையே கட்டினார். தெருக்களுக்குத் தன் மனைவி, பிள்ளைகளின் பெயர்களை வைத்தார். சாராயக்கடைக்கு மட்டும் இடம் தரவில்லை. மில் குடியிருப்பில் வாழ்ந்த எவருக்கும் இதையெல்லாம் விளக்கிச் சொல்லவே தேவையில்லை. 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

மில் 1986இல் நின்றுபோனது. இப்போது உள்ளே புத்தகக் கடை, உணவகம், ஓவியக்கூடம். பிராட்ஃபோர்டில் பிறந்த டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. லிஃப்ட் இருக்கிறது, அம்மாவுக்குக் கவலை இல்லை. ஆனால் உங்கள் அப்பா ஓவியத்தைவிடக் கூடத்தைத்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன். கல் பாவிய தரை, வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள், உயரமான ஜன்னல்கள். என் மாமனார் திருப்பூரில் பனியன் கம்பெனி மேஸ்திரியாக இருந்தவர். உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் மாமா என்று நான்தான் தடுத்தேன்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். மில்லைத் தாண்டி, கால்வாயும் ஆறும் கடந்தால் ராபர்ட்ஸ் பூங்கா. அகலமான புல்வெளி, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆறினாலும் ருசி குறையாது. தயிர் சாதத்தைக் காலையில் பால் அதிகமாக ஊற்றிப் பிசைந்துவிட்டால் மதியத்துக்குச் சரியான பதத்தில் இருக்கும். ஒரு ஃபிளாஸ்க் காப்பியும், கீழே ஈரம் ஏறாத விரிப்பும் மறக்காதீர்கள். இங்கே வெயில் அடித்தாலும் புல் நனைந்துதான் இருக்கும்.

சாப்பிட்ட பிறகு கால்வாய்க் கரையோடு பிங்லிக்கு நடக்கலாம். சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை, மரநிழல். அம்மாவால் முடியாது என்றால் ஒருவர் துணையோடு ரயிலில் வரட்டும், அடுத்த நிலையம்தான். நான்கு வயதுக் குழந்தையின் கையை மட்டும் விடவே கூடாது; கரையில் கம்பித் தடுப்பு இல்லை.

பிங்லியில் இருப்பது படகுகளை மேலேற்றி இறக்கும் ஐந்து படி மதகு. லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் 1774இல் கட்டியது. ஐந்து கல் தொட்டிகள் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக, மொத்தம் 18 மீட்டர் ஏற்றம். ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. படகு கீழ்த்தொட்டிக்குள் வந்ததும் கதவைச் சாத்துவார்கள். இரும்புக் கைப்பிடியைச் சுற்ற, கண்மாய் மடை திறந்ததுபோல் மேலிருந்து தண்ணீர் பொங்கி இறங்கும். பாசி பிடித்த சுவரை ஒட்டிப் படகு அங்குலம் அங்குலமாக எழும்பும். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் ஒன்றாகும்வரை கதவு யார் தள்ளினாலும் அசையாது. ஒன்றான மறுகணம், கதவோடு சேர்ந்த நீண்ட உத்தரத்தில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தால் போதும், அத்தனை பெரிய மரக்கதவு சத்தமில்லாமல் திறக்கும். மோட்டார் கிடையாது, தண்ணீரின் எடையும் மனித முதுகும்தான். ஒரு படகு மேலே போய்ச்சேர அரை மணிக்குக் குறையாது. நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. கட்டணம் எதுவும் இல்லை.

அப்பாவுக்கு இயந்திரம் ஓடுவதையே பார்க்க ஆசை என்றால், இன்னொரு வாரம் மான்செஸ்டரின் அறிவியல் தொழில் அருங்காட்சியகம். அதுவும் இலவசம். அங்கே பருத்தி இயந்திரங்களை ஓட்டிக் காட்டுவார்கள். நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்த ஊர்க்காரர் அசல் மான்செஸ்டரைப் பார்க்காமல் திரும்பலாமா? மழை நாளுக்கு உங்கள் லீட்ஸிலேயே ராயல் ஆர்மரிஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு யானைக் கவசம். மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி 1801இல் கொண்டுவந்தது. இருக்கும் பகுதி மட்டுமே 118 கிலோ. அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள்.

ரயிலுக்கு, ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு 35 பவுண்டு. ஒரு கார்டில் நான்கு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள்வரை போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 சதவீதம் குறையும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். யார்க், லிவர்பூல் என்று ஓரிரு முறை போய்வந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். ஒரு நாளைக்கு ஓர் ஊருக்கு மேல் மட்டும் வைக்காதீர்கள். மூன்று இடம் என்று ஓடினால் பெரியவர்களுக்கு ரயில் இருக்கையைத் தவிர எதுவும் நினைவில் நிற்காது.

கடலோடி, லிவர்பூல்

அக்கா சொன்னதே சரி. கடல் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம் கிராஸ்பி. சிற்பி ஆண்டனி கோர்ம்லி தன் உடலையே அச்செடுத்து வார்த்த நூறு இரும்பு மனிதர்கள், மூன்று கிலோமீட்டர் கரையில் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். 2005இல் வைத்தது. கடல் வற்றும்போது எல்லாரும் தெரிவார்கள்; பெருக்கெடுத்தால் ஒவ்வொருவராக மூழ்குவார்கள். கரையோரப் பாதை சமதரை, உங்கள் அம்மா நடக்கலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். தூரத்துச் சிலைகளிடம் போகாதீர்கள். நான் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வளர்ந்தவன். மணலை எனக்குத் தெரியும் என்று நினைத்து மகனோடு நடந்தேன். முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டது. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு காலாக இழுத்து வெளியே வந்தேன். நீர் ஏறத் தொடங்கியிருந்தது. வற்று, பெருக்கு நேரம் பார்க்காமல் புறப்படாதீர்கள்.

கொங்குமகன், லீட்ஸ்

நேற்று சால்டேர் போய்வந்தோம், அக்கா. பத்துப் பேரும்.

அப்பா மில்லுக்குள் நுழைந்ததும் எங்களை விட்டுவிட்டுத் தூண்களுக்கு இடையே அடியளந்து நடந்தார். "இந்த இடைவெளிக்கு மெஷின் இப்படித்தான் நின்றிருக்கும், ஆள் போக இவ்வளவு வழி விட்டிருப்பார்கள்" என்று என் மகளுக்குக் கையை விரித்துக் காட்டினார். நண்பரின் மனைவி, பிள்ளைகள் என்று அவர் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. பாபின் மாற்றுவது, அறுந்த நூலை ஓட்டத்திலேயே முடிவது எல்லாம் விரலால் செய்து காட்டினார். 33 ஆண்டில் அவர் செய்த வேலை என்ன என்று நானே நேற்றுத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

பிங்லியில் ஒரு படகு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மதகுக்காரரைக் கேட்டோம், சரி என்றார். தாத்தாவும் பேத்தியும் முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளினார்கள். ரயிலில் வந்த அம்மா மேலே பெஞ்சில் உட்கார்ந்து, அது திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ரயில் டிக்கெட்டை வழக்கம்போல ரூபாயில் கேட்டார், சொன்னேன். ஐஸ்கிரீமில் பாதியைப் பேத்தியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

லிவர்பூல் அண்ணா, அடுத்த சனிக்கிழமை கிராஸ்பி வரலாம் என்று இருக்கிறோம். அன்று மதியம் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்று பார்த்துச் சொல்வீர்களா? எந்த நிலையத்தில் இறங்கினால் அம்மாவுக்கு நடை குறையும்?