ரிச் கேக்கில் ரவை எங்கே?

(எங்கள் குடும்பக் கைபேசிக் குழுவில் நடந்த பேச்சு இது. ரிச் கேக் என்பது ரவையில் செய்யும் எங்கள் நத்தார்க் கேக். குருநகர் யாழ்ப்பாணத்தில், வெள்ளவத்தை கொழும்பில், ஸ்காபறோ கனடாவில். நானும் மகளும் மெல்பனில்.)

மச்சாள், ஸ்காபறோ: [படம்] இது நேற்று ஒரு கடையில் வாங்கின ரிச் கேக். இந்த நத்தாருக்கு வீட்டில் கேக் அடிக்க எனக்கு நேரம் வராது. இதையே நாலு இறாத்தல் ஓர்டர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி, வெள்ளவத்தை: பெட்டி நல்ல வடிவு மச்சாள்.

சித்தி, லண்டன்: வெட்டின பக்கத்தைக் கிட்டவாக ஒரு படம் எடுத்துப் போடு பிள்ளை.

மச்சாள், ஸ்காபறோ: [படம்]

பெரியம்மா, குருநகர்: பிள்ளை, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது பார். இது கோதுமை மாவும் பேக்கிங் பவுடரும் போட்டுப் பொங்க வைத்தது. சீனியைக் கருக்கி ஊற்றித்தான் இந்தக் கறுப்பு நிறம் வந்திருக்கிறது. ரிச் கேக் பொங்காது. ரவையும் கஜுவும் பழமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கத்தி வைத்தால் ஈரமாக இறங்கும். வெட்டின முகம் பழுப்பாக, பளபளவென்று இருக்கும். அந்தச் சிவப்பும் பச்சையுமாகத் தெரிவது என்ன?

மச்சாள், ஸ்காபறோ: டூட்டி ஃப்ரூட்டி மாமி.

பெரியம்மா, குருநகர்: அது பப்பாசிக்காய்க்குச் சாயம் ஏற்றினது. செரிப் பழம், சௌசௌப்பாகு, இஞ்சிப்பாகு, பூசணிப்பாகு எல்லாவற்றுக்கும் பதிலாக அது ஒன்றையே போட்டிருக்கிறார்கள். இதை ரிச் கேக் என்று விற்பது பிழை.

தம்பி, வெள்ளவத்தை: இங்கேயும் இப்படித்தான் பெரியம்மா. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து கடைகள் அளவைக் குறைத்துவிட்டன. பட்டருக்கு மாஜரின், கஜுவுக்கு நிலக்கடலை. விலை ஏறினபடியால் குறைத்தார்கள், சரி. அப்படியென்றால் பெயரையும் மாற்றலாம்தானே?

நான்: கஜுவுக்குப் பதில் கடலை போட்டால் வாசமே வேறாகிவிடும்.

மகள்: அம்மா, நான் ஒன்று சொல்லட்டா? எனக்கு ரிச் கேக் அவ்வளவு விருப்பமில்லை. பல்லில் ஒட்டும், சரியான இனிப்பு. ரெட் வெல்வெட் கப் கேக்தான் பிடிக்கும். என் சிநேகிதிகளுக்கும் அப்படித்தான்.

பெரியம்மா, குருநகர்: பிடிக்காவிட்டால் சொல்லத்தானே வேண்டும் ராசாத்தி. அதிலே என்ன குறை. ஆனால் நீ இதுவரை சாப்பிட்டது எது? கடையில் வாங்கினதா, வீட்டில் செய்ததா?

மகள்: கடையில் வாங்கினதுதான் பெரியம்மம்மா. இங்கே மெல்பனில் நத்தார் வருவது நல்ல வெயில் காலத்தில். அம்மா அவனை (கேக் சுடும் அடுப்பை) போடவே விரும்ப மாட்டா.

சித்தி, லண்டன்: இங்கே செப்டெம்பரிலேயே மின்ஸ் பை என்ற நத்தார்ப் பலகாரத்தைக் கடைகளில் அடுக்கிவிடுகிறார்கள். டிசம்பர் வரும்போது அலுத்துவிடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா மட்டும் இன்னும் பழைய மாதிரி. திருவருகைக் காலத்துக்கு (நத்தாருக்கு ஆயத்தமாகும் நாலு கிழமை) முந்தின ஞாயிறு நத்தார்ப் புடிங் கலக்குவா. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அகப்பையைப் பிடித்து ஒரு முறை கிண்ட வேண்டும். கேக்கும் அப்போதே செய்து வைத்து நத்தார் வரை அதன்மேல் பிறண்டி தெளித்து ஊற விடுவா. எங்கள் கேக்கும் அங்கேயிருந்து வந்ததுதானே. ஆனால் அவர்களுடையது மாவிலே செய்வது, மேலே பாதாம் பூச்சு. நாங்கள் ரவையையும் கஜுவையும் ரோசாப் பன்னீரையும் நீற்றுப்பூசணியையும் போட்டு வேறொன்றாக ஆக்கிவிட்டோம். ஒரு துண்டு கொடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டா.

சின்ன மாமா, மொன்றியல்: இப்போதுதான் வேலையால் வந்து எல்லாவற்றையும் வாசித்தேன். அக்கா, நீங்கள் பப்பாசிக்காயைக் குறை சொல்லலாமா? 95 நத்தாருக்கு நீங்கள் செய்த கேக்கில் பப்பாசிக்காய்தானே இருந்தது.

மச்சாள், ஸ்காபறோ: அப்பா, இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லையே!

சின்ன மாமா, மொன்றியல்: நீ அப்போது பிறக்கவில்லை மகள். சண்டை நெருங்கினபடியால் ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நின்றது. பிறகு சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பமாக இருந்தோம். மின்சாரம் 90இலேயே போய்விட்டது. மண்ணெண்ணெய்க்குத் தடை. பட்டரைக் கண்டு வருடக் கணக்கு. சீனியைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிப்பது. நத்தார் வரப்போகிறது, இந்தமுறை கேக் இல்லை என்று அம்மா சொல்லிவிட்டா. அக்கா கேட்கவில்லை. பப்பாசிக்காயைக் குறுணியாக வெட்டிச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பனங்கட்டிப் பாகில் காய்ச்சினா. ரவை மட்டும் எங்கேயோ கிடைத்தது. பக்கத்து வளவுக்காரர் முட்டை கொடுத்தார். பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைக்கரித் தணல் போட்டா. நான்தான் விசிறிக்கொண்டு இருந்தேன். மேலே கூடக் கருகவில்லை.

நான்: மாமா, அந்தக் கேக்கை எத்தனை பேருக்கு வெட்டினீர்கள்?

சின்ன மாமா, மொன்றியல்: அந்த வகுப்பறையில் இருந்த எல்லோருக்கும். சைவ சமய ஆட்கள்தான் அதிகம். தீப்பெட்டி அளவில் ஒவ்வொரு துண்டு. கொப்பி ஒற்றையில் சுற்றிக் கொடுத்தோம்.

பெரியம்மா, குருநகர்: அன்றைக்குப் பப்பாசி போட்டது வேறு ஒன்றும் கிடைக்காதபடியால். இன்றைக்கு இவர்கள் எல்லாம் கிடைக்கும்போது போடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதே தம்பி. அன்றைக்கும் ரவையை நான் விடவில்லை.

சின்ன மாமா, மொன்றியல்: அதுவும் சரிதான் அக்கா.

சித்தி, லண்டன்: அதுக்கு முந்தின காலத்தையும் சொல்லுங்கள் அக்கா. பாண் சுடும் பேக்கரிப் போறணைக்குக் கேக்கைக் கொண்டுபோனது.

பெரியம்மா, குருநகர்: ஓம். ஒருத்தர் வீட்டிலும் அவன் இல்லை. நத்தாருக்கு ஒரு கிழமை முந்தி, குசினி நிலத்தில் பாயை விரித்து எல்லோரும் சுற்றி இருந்து பழம் வெட்டுவோம். அம்மா பட்டரையும் சீனியையும் சட்டியில் போட்டு மரக்கரண்டியால் ஒரே பக்கமாக அடிப்பா. கை ஓய்ந்தால் அடுத்த ஆள். கலவையைத் தகரத் தட்டுகளில் ஊற்றி, பெயர் எழுதின துண்டைக் கம்பியால் கட்டி, தலையில் வைத்துப் போறணைக்குக் கொண்டு போவோம். அவர்கள் முதலில் பாண் போட்டு எடுத்துவிடுவார்கள். தணல் தணிந்த பிறகுதான் கேக்கை உள்ளே தள்ளுவது. அந்த இறங்கு சூடுதான் இதற்குச் சரி. கூடின சூட்டில் வெளியே கருகும், உள்ளே வேகாது. ஒழுங்கை முழுவதும் கறுவா, ஏலம், பட்டர் வாசம். அது மூக்கில் பட்டால் நத்தார் வந்துவிட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மகள்: பெரியம்மம்மா, அப்போது நீங்கள் வருடம் முழுவதும் கேக் சாப்பிட்டதில்லைதானே? அதனால்தான் அவ்வளவு ருசியோ? எங்களுக்கு எந்த நாளும் கிடைக்கிறது.

பெரியம்மா, குருநகர்: நீ சொல்வதில் உண்மை இருக்கிறது. காத்திருந்து சாப்பிட்டால் ருசி கூடத்தான். அதற்காக ரவையை எடுத்துவிட்டு மாவைப் போடச் சொல்லாதே!

தம்பி, வெள்ளவத்தை: பெரியம்மா, அளவை ஒருக்கால் இங்கேயே எழுதிவிடுங்கள். ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறோம்.

பெரியம்மா, குருநகர்: பேத்தி எழுதுகிறாள், நான் சொல்கிறேன். ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 500. முட்டை மஞ்சள் கரு 12, வெள்ளைக் கரு 6, வெள்ளையைத் தனியாக நுரைக்க அடிக்க வேண்டும். பிளம்ஸ் (உலர்திராட்சை) 500, சல்ரானாஸ் (வெளிர் உலர்திராட்சை) 500, சௌசௌ 500, பூசணிப்பாகு 500, இஞ்சிப்பாகு 375, செரி 250, கஜு 500. தோடம்பழத் தோல் பாகு கொஞ்சம். தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் இரண்டு மேசைக்கரண்டி, பிறண்டி ஒரு வைன் கிளாஸ். கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய்த் தூள். பேக்கிங் பவுடர் வேண்டாம்.

பெரியம்மா, குருநகர்: பழங்களை முதல்நாளே வெட்டிப் பிறண்டியில் ஊற விடுங்கள். ரவையை லேசாக வறுத்து, நிறம் மாற முன் இறக்கி, சூட்டோடேயே பட்டரின் ஒரு பங்கைப் போட்டுப் பிசைந்து வையுங்கள். ரவை பட்டரைக் குடித்து ஊதும். தட்டுக்கு அடியிலும் பக்கத்திலும் பழைய பேப்பரை ஏழெட்டு மடிப்பாக விரித்து, அதன்மேல் எண்ணெய்த்தாள். இல்லாவிட்டால் அடி பிடித்துவிடும்.

நான்: பழம் வெட்ட மெஷினில் போடலாமா பெரியம்மா? கை நோகும்.

பெரியம்மா, குருநகர்: கஜுவை வேண்டுமானால் போடு, ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். சௌசௌவையும் பூசணியையும் மெஷினில் போட்டால் களியாகிவிடும். அவை கத்தியால்தான். பட்டரும் சீனியும் அடிக்க மெஷின் நல்லது, எங்கள் கையை விட நன்றாக அடிக்கும்.

மச்சாள், ஸ்காபறோ: மாமி, அவன் எத்தனை டிகிரி?

பெரியம்மா, குருநகர்: 275 பாரன்ஹைட். இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். மேற்பக்கம் சிவந்தால் ஒரு தாளால் மூடிவிடு. குச்சி விட்டுப் பார்த்தால் கொஞ்சம் ஈரம் ஒட்டத்தான் செய்யும், பயப்படாதே. ஆறினதும் தேனும் பிறண்டியும் தெளித்துப் பிஸ்கற் பேணியில் வை.

சின்ன மாமா, மொன்றியல்: மகள், அந்த ஓர்டரை விடு. வாற சனிக்கிழமை நான் பஸ் எடுத்து வருகிறேன். பழம் வெட்டுவது என் வேலை.

மச்சாள், ஸ்காபறோ: உண்மையாகவா அப்பா? அப்படியென்றால் நான் வெள்ளியே சாமான் வாங்கி வைக்கிறேன்.

மகள்: அம்மா, நாங்களும் செய்வோமா? இரவில் அவனைப் போட்டால் வெக்கை தெரியாது. ரெட் வெல்வெட்டும் செய்வேன், சொல்லிவிட்டேன்.

நான்: செய்வோம். ஆனால் பழத்தை நீதான் வெட்ட வேண்டும்.

தம்பி, வெள்ளவத்தை: பக்கத்து வீட்டுக்காரர் போன தைப்பொங்கலுக்கு ஒரு சட்டி சர்க்கரைப் பொங்கல் தந்தவர். நானும் ஒரு தட்டு கேக் கொடுக்க வேண்டும். பெரியம்மா, நீற்றுப்பூசணிப்பாகு கடையில் வாங்கலாமா, இல்லை நீங்கள் காய்ச்சுகிறீர்களா?

பெரியம்மா, குருநகர்: வாங்காதே. வளவில் இரண்டு காய் முற்றிக் கிடக்கிறது. நாளைக்கே காய்ச்சி, புதன்கிழமை கொழும்பு பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். போத்தலைத் துணியால் சுற்றித்தான் அனுப்புவேன், பார்த்து இறக்கு.