பள்ளத்தூர் பக்கம் பூர்வீக வீடு, இடிக்கிறதா வச்சுக்கிறதா? முடிவு பண்ண முடியல

வள்ளி_சென்னை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஐயாவோட அப்பச்சி, அதாவது தாத்தாவோட அப்பா, ரங்கூன்ல கொண்டுவிக்க (வட்டித் தொழில் பண்ண) போயி சம்பாதிச்சு 1920கள்ல கட்டுன வீடு. முகப்பு, வளவு (நடு முற்றமும் சுத்தி இருக்கிற அறைகளும்), ரெண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டுன்னு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். இப்ப ஏழு பங்கு, ஆளாளுக்கு சென்னை, கோயமுத்தூர், சிங்கப்பூர்னு இருக்கோம், வீடு பூட்டியே கிடக்கு. போன மழையில ரெண்டாங்கட்டு மூலையில ஓடு சரிஞ்சு, ஓட்டத் தாங்குற கைமரம் முறிஞ்சு தொங்குது, செவுத்துல அரசங்கன்னு வேர்விட்டு பிளந்திருக்கு. ஆனா வளவுல பர்மா தேக்குத் தூண் எல்லாம் அப்படியே கல்லு மாதிரி நிக்குது, சுண்ணாம்போட முட்டை வெள்ளக்கரு சேத்துப் பூசுன அந்த முட்டைப் பூச்சு செவுத்துல கைய வச்சா சித்திரை வெயில்லகூட ஜில்லுன்னு இருக்கும். இப்ப ஒரு மர வியாபாரி வந்து மொத்தமா ஒரு விலை சொல்லி இடிச்சு எடத்தயும் சுத்தம் பண்ணித் தர்றேங்கிறாரு, நாலு பங்காளிங்க சரின்னுட்டாங்க. எங்க அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 78 வயசு, இந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறாங்க. இந்த நெலமையில இருந்தவங்க யாராச்சும் சொல்லுங்க.

சுண்ணாம்புக்காரன்:
ஆச்சி, நான் காரைக்குடி பக்கம் பழைய வீடுங்க ரிப்பேர் வேலைதான் பாக்குறேன். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா வீடு சாகல, கூரைதான் போயிருக்கு. இந்த வீடுங்க எல்லாமே மேல இருந்துதான் கெடும், ரெண்டு கூரை சேர்ற பள்ளத்துல எலை குப்பை அடைச்சு தண்ணி நின்னு உள்ள எறங்கும், செவுத்துக்குள்ள சொருகியிருக்கிற மரத்தோட முனை மொதல்ல உளுக்கும், அப்புறம் ஓடு சரியும், அதுக்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் ஒரு அறை போகும். அதனால இடிக்கிறதோ வச்சுக்கிறதோ அத பெறகு பேசுங்க, ஐப்பசிக்கு முன்னாடி அந்த மூலைய மட்டும் பிரிச்சு கைமரம் மாத்தி ஓடு வேய்ஞ்சிடுங்க. அரசங்கன்ன சும்மா வெட்டி விட்டா மறுபடி துளிர்க்கும், வேரோட எடுத்துட்டு அந்த எடத்த சுண்ணாம்பு வச்சே கட்டணும்.

இன்னொண்ணு, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன், சிமெண்ட் பூச விட்றாதீங்க. பழைய செவுரு செங்கலும் சுண்ணாம்பும், ஈரத்த வாங்கி வெளிய விட்டுடும். மேல சிமெண்ட் போட்டா ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து பொரிஞ்சு விழும், நல்லா இருந்த பக்கத்துப் பூச்சையும் சேத்து இழுத்துட்டு வரும். கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியில சுண்ணாம்பு அரைச்சுப் பூசத் தெரிஞ்ச கொத்தனார் இன்னமும் நம்ம பக்கம் இருக்காங்க. நாள் பிடிக்கும், அவசரப்படுத்தக் கூடாது.

ராமு_தேவகோட்டை:
சிஸ்டர், நாலு பேர் சரின்னா இடிச்சிட முடியாது. பாகம் பிரிக்காத சொத்துல மத்த பங்குக்காரங்க சம்மதம் இல்லாம கைவச்சா ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாலே தடை வாங்கலாம். அதோட பொண்ணுங்க பங்க மறந்துடாதீங்க, இந்து வாரிசுரிமைச் சட்டத்த தமிழ்நாட்டுல 1989லயே திருத்தி பொண்ணுங்களுக்கும் பங்கு குடுத்தாங்க, அப்புறம் 2005ல அது நாடு முழுக்க வந்துச்சு. யாருக்கு எவ்வளவுங்கிறது சொத்து எப்படி எறங்கி வந்துச்சுங்கிறத பொறுத்தது, வக்கீல்ட்ட காகிதத்தக் காட்டுங்க. வியாபாரிட்ட யாரும் அட்வான்ஸ் வாங்கிடாம பாத்துக்கங்க, அதுதான் முக்கியம்.

அரசாங்கம் காப்பாத்தும்னும் நம்பி இருக்காதீங்க. 2014ல செட்டிநாட்டு ஊருங்க யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியல்ல ஏறுச்சுதான், அதனால உங்க வீட்டுக்கு தானா எந்தப் பாதுகாப்பும் வந்துடாது.

எம்_எல்_கோவை:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எல்லா வீட்டையும் காப்பாத்த முடியாது. கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ் எல்லாம் ஓட்டலாகி நல்லா இருக்குன்னா பின்னாடி பெரிய பணமும் ஒரே நிர்வாகமும் இருக்கு. ஏழு பங்குல வருசா வருசம் யார் பணம் போடுவா? எங்க சொந்தத்துல ரெண்டாங்கட்டையும் அடுப்படியையும் மட்டும் பிரிச்சு எறக்கிட்டு முகப்பும் வளவும் வச்சுக்கிட்டாங்க, கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) எல்லாம் அங்கதான் நடக்குது, எனக்கு அதுல ஒரு குறையும் தெரியல.

ஆனா எறக்கினாலும் மொத்தமா விலை பேசாதீங்க. பழைய சாமான் கடைங்க இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல போயி ஒரு பழைய நிலைக்கதவு, ஒரு தூண், என்ன விலைக்குப் போடுறாங்கன்னு கேட்டுப் பாருங்க, வியாபாரி உங்களுக்கு சொன்ன தொகை எதுக்குன்னு புரியும். தூண், நிலை, கதவு, பெல்ஜியம் கண்ணாடி, தரைக்கல்லு ஒவ்வொண்ணுக்கும் போட்டோ எடுத்து எண்ணிக்கை போட்டு, அளவு எடுத்து பிளானும் வரைஞ்சு வச்சுட்டு அப்புறம் பேசுங்க.

வள்ளி_சென்னை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே @சுண்ணாம்புக்காரன், மூலைக் கூரைய பிரிக்கிற செலவ எங்க பங்கு மூணு பேரும் போட்டுக்கிறோம்னு இப்பதான் பேசி முடிச்சோம், மத்தவங்க தராட்டியும் பரவால்ல. அட்வான்ஸ் விஷயம் அப்பச்சிட்ட சொன்னேன், குரூப்ல அவங்களே வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டாங்க யாரும் கைநீட்டக் கூடாதுன்னு. ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு ஏழு பங்கும் ஊருக்கு வர்றோம், பாகத்தப் பத்தி நேர்ல உக்காந்து பேசலாம்னு இருக்கோம். அதுக்குள்ள பிளான் வரையணும், பழைய வீடு அளந்து வரையிற ஆள் அந்தப் பக்கம் தெரிஞ்சா சொல்லுங்க.