வரலாற்றை நடத்துவது ஆளா, காலமா?

மழைக்குருவி:
கல்லூரியில் முதல் வருடம். வரலாறு, சமூகவியல், பொருளாதாரம் மூன்றுக்கும் தனித்தனி ஆசிரியர்கள். ஆனால் மூன்று பேரும் வேறு வேறு பெயரில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. நடந்ததெல்லாம் சில தனி மனிதர்களால் நடந்ததா, இல்லை அவர்கள் பிறக்காமலே போயிருந்தாலும் காலமும் சூழலும் அதை நடத்திக் காட்டியிருக்குமா? இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எனக்கு ஆட்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது.

1914 ஜூன் 28, போஸ்னியாவின் சரயேவோ நகரம். காலையில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் மீது வீசிய குண்டு குறி தவறிப் பின்னால் வந்த காரில் இருந்தவர்களைக் காயப்படுத்துகிறது. அவர்களை மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வழியை மாற்றுகிறார்கள், மாற்றியதை டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய வழியிலேயே திருப்ப, கூட இருந்தவர் தப்பு வழி என்று அதட்ட, கார் நிற்கிறது. நின்ற இடத்துக்குப் பக்கத்தில் போஸ்னிய செர்பிய இளைஞன் கவ்ரீலோ பிரின்சிப், கையில் துப்பாக்கி. இளவரசரைச் சுட்டுக் கொன்றுவிட்டான். ஐந்தாறு வாரத்தில் ஐரோப்பாவே போரில் இறங்கிவிட்டது. அந்த டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

தூசித்தாள்:
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் பழுத்துத் தொங்கியது, ஏதோ ஒரு காக்கை உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஒரு நாட்டைத் தொட்டால் இன்னொரு நாடு வந்தாக வேண்டும் என்கிற கூட்டணிகள், படையைத் திரட்ட ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதபடி போட்டுவைத்த ரயில் அட்டவணைகள், பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டி போட்டுக் கட்டிய போர்க்கப்பல்கள். இதற்கெல்லாம் டிரைவரா பொறுப்பு? இன்னொன்று, அன்று அந்தச் சாலையோரம் ஆயுதத்தோடு ஆறு பேர் நின்றார்கள். பிரின்சிப் அங்கே நின்றதும் அதிர்ஷ்டத்தால் இல்லை, முன்பே அறிவித்திருந்த வழி அதுதான்.

கண்டுபிடிப்புகளையும் எடுத்துப் பாருங்கள். மெண்டல் பட்டாணிச் செடிகளை வைத்து மரபுப் பண்புகளின் விதிகளைக் கண்டுபிடித்து 1866-ல் அச்சிலும் போட்டார், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1900-ல் மூன்று நாடுகளில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். டி ஃப்ரீஸ், கோரென்ஸ், செர்மாக். மெண்டல் பிறக்காவிட்டாலும் 1900 வந்திருக்கும். டெலிபோனுக்கும் இதே கதைதான், பெல் தரப்பும் கிரே தரப்பும் காப்புரிமை அலுவலகத்தில் தாள் கொடுத்தது ஒரே நாள், 1876 பிப்ரவரி 14. நிகழ்ச்சிகள் எல்லாம் அலைமேல் நுரை என்கிற மாதிரி எழுதியவர் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபெர்னான் பிரோதல், அதையும் ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் உட்கார்ந்து எழுதினார். ஹிட்லர் என்கிற ஒரு மனிதனின் முடிவால் அடைபட்டிருந்த ஆள் அப்படி எழுதியதுதான் எனக்கு எப்போதும் வியப்பு.

மேகலா_வ:
பழம் பழுத்திருந்தது என்பதை விழுந்த பிறகுதானே சார் சொல்கிறீர்கள்? 1905-ல் மொராக்கோவை வைத்து நெருக்கடி. 1908-ல் போஸ்னியா. 1911-ல் மறுபடி மொராக்கோ. 1912, 13-ல் பால்கன் போர்கள். கூட்டணிகளும் கப்பல் போட்டியும் அப்போதும் இருந்தன. நான்கு தடவை காக்கை வந்து உட்கார்ந்தது, பழம் விழவில்லை. ஐந்தாவது தடவை விழுந்ததும் "பழுத்திருந்தது, விழுந்துதான் தீரும்" என்றால் அது விளக்கமா, ஜோசியமா? ஜோசியமாவது முன்னாடி சொல்வார்கள்.

அப்புறம், சுட்டுக் கொன்றது யாரை என்று பாருங்கள். வியன்னாவில் செர்பியா மீது போர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த முக்கியமான ஆளே அந்த இளவரசர்தான். படைத்தலைமை அதிகாரி கோன்ராட் போர் போர் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார், அதற்குக் குறுக்கே நின்றவர்களில் ஒருவர் இவர். அவரைக் கொன்றதால் போருக்கு ஒரு சாக்கும் கிடைத்தது, போரைத் தடுத்த கையும் போய்விட்டது. வேறு ஓர் அமைச்சரைச் சுட்டிருந்தால் இதே கணக்கு வருமா?

தூசித்தாள்:
இளவரசர் விஷயம் நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு தடவை விழவில்லை என்பது உங்களுக்குச் சாதகம் இல்லை. ஒவ்வொரு தடவையும் காம்பு கொஞ்சம் இற்றது. 1908-ல் தொடங்கிய போஸ்னியா நெருக்கடியில் ரஷ்யா பின்வாங்கி அவமானப்பட்டது, இனிமேல் பின்வாங்கக் கூடாது என்கிற எண்ணம் அங்கே ஊறிப்போனது அதிலிருந்துதான்.

வெட்டிப்பேச்சு:
இரண்டும்தான் காரணம், பதில் முடிந்தது. இதற்கு மூன்று வருடப் படிப்பு! பதிலே இல்லாத கேள்விகளை வைத்துக்கொண்டு இந்தக் கலைத்துறைக்காரர்கள் எப்படித்தான் பொழுதை ஓட்டுகிறார்களோ. அளந்து பார்க்க முடியாததைப் பற்றி எதற்கு இத்தனை பேச்சு?

கணக்குப்பிள்ளை:
அளந்திருக்கிறார்கள். பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஓல்கன் என்று இரண்டு பொருளாதாரக்காரர்கள், 2005-ல் வந்த ஆய்வு. ஒரு நாட்டில் தலைவர் மாறியதும் பொருளாதாரம் மாறினால் அவரால்தான் மாறியது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பொருளாதாரம் சரிந்ததால்கூட அவரைத் தூக்கியிருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று பிரிக்கவே முடியாது. அதனால் அவர்கள் பதவியில் இருக்கும்போதே நோயாலோ விபத்தாலோ செத்துப்போன தலைவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாரடைப்புக்கு நாட்டின் வளர்ச்சி விகிதம் தெரியாது இல்லையா. அப்படி 57 பேர். சாவுக்கு முன் சில வருடம், பின் சில வருடம், வளர்ச்சி எப்படி இருந்தது என்று ஒப்பிட்டார்கள். முதல்முறை படித்தபோது இப்படிக்கூட யோசிக்கலாமா என்று இருந்தது.

வந்த முடிவு: ஆள் மாறினால் வளர்ச்சி மாறுகிறது. ஆனால் சர்வாதிகார நாடுகளில்தான் பலமாக மாறுகிறது. ஜனநாயகத்தில் அப்படி ஒரு விளைவு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே "இரண்டும்தான்" என்பது பதில் இல்லை நண்பரே. எங்கே எது எவ்வளவு என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் தேட வழியும் இருக்கிறது.

தூசித்தாள்:
அதாவது ஓர் ஆள் எவ்வளவு முக்கியம் என்பதையே அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான் தீர்மானிக்கிறது. நன்றி, என் கட்சி ஜெயித்தது.

மேகலா_வ:
நாற்காலி எவ்வளவு பெரியது என்பதை அமைப்பு முடிவு செய்யட்டும். அதில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பது? 1962 அக்டோபர் 27, அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்போரின் விளிம்பில் நின்ற கியூபா நெருக்கடி. பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி, மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கை வெடிகளைப் போடுகின்றன, உள்ளே தாங்க முடியாத வெப்பம், மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. கப்பலில் ஓர் அணுகுண்டு டார்பிடோ இருக்கிறது. உள்ளே நடந்த பேச்சு உடனிருந்தவர்களின் நினைவு வழியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது, அவர்கள் சொல்வது இதுதான்: கேப்டன் ஏவத் தயாரானார், வசிலி அர்கீப்போவ் சம்மதிக்கவில்லை. அவர் அந்தப் படைப்பிரிவின் தலைமை அதிகாரிகளில் ஒருவர். பிரிவில் வேறு நீர்மூழ்கிகளும் இருந்தன, அவர் ஏறியது இதில். எந்த அலையின் நுரை சார் இது?

வெட்டிப்பேச்சுக்கு: எதற்கு இத்தனை பேச்சு என்றீர்கள். 1942 ஜூலை 13, போலந்தில் யூசெஃபூவ் என்கிற சிற்றூர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த நாஜி ஜெர்மனியின் 101-வது ரிசர்வ் போலீஸ் பட்டாலியன், ஏறக்குறைய 500 பேர், நடுத்தர வயதுச் சாதாரண ஆட்கள். அந்த ஊர் யூதர்களைச் சுட வேண்டும் என்று உத்தரவு. தலைவர் டிராப், இதைச் செய்ய முடியாது என்று நினைக்கும் வயதானவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். ஒரு டஜன் பேர் விலகினார்கள், அவர்களைச் சுட்டுவிடவில்லை, சிறையில் போடவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் சுட்டார்கள், சுமார் 1,500 பேர் செத்தார்கள். போர் முடிந்து விசாரணை வந்தபோது இவர்களைக் குற்றவாளி என்பதா, சூழ்நிலைக் கைதி என்பதா? ஆளா காலமா என்பதற்குப் பதில் சொல்லாமல் அந்த நீதிபதியால் ஒரு வரி எழுத முடியுமா?

வெட்டிப்பேச்சு:
சரி, இதை நான் யோசிக்கவில்லை. பொழுதுபோக்கு என்றதை வாபஸ் வாங்குகிறேன். மூன்று வருடம் அதிகம் என்பதை வாங்கவில்லை.

தூசித்தாள்:
மேகலா, நீங்கள் விலகிய அந்த ஒரு டஜனைப் பார்த்து ஆள் என்கிறீர்கள். நான் மீதிப் பேரைப் பார்த்து, தண்டனை இல்லை என்று தெரிந்தும் பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பானோ என்று வரிசையிலேயே நின்றவர்களைப் பார்த்து, சூழல் என்கிறேன். அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. அடுத்த தடவை இன்னொரு 500 பேரை அப்படி நிறுத்தினாலும் இதே மாதிரிதான் பிரியும் என்கிறேன். நான் ஜெயித்தாலும் சந்தோஷப்பட முடியாத வாதம் இது.

மேகலா_வ:
இன்னொரு 500 பேரில் அந்த டஜன் யார் யார் என்று உங்களால் சொல்ல முடியாதே. எனக்கு அதுதான் வேண்டும்.

மழைக்குருவி:
நான் டிரைவரை விட்டுவிடுகிறேன். கணக்குப்பிள்ளை சொன்ன 57 சாவுகளில் ஆரம்பித்து யூசெஃபூவில் முடிக்கலாம் என்று இருக்கிறேன், இளவரசர் நடுவில் ஒரு பத்தி வருவார். ஆட்கள் பக்கம்தான் இன்னும், ஆனால் நேற்று இருந்த தைரியம் இல்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், அடிக்க ஏதாவது பாக்கி இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள்.

தூசித்தாள்:
அந்தப் பத்தியில் சாண்ட்விச்சை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். பிரின்சிப் சாண்ட்விச் வாங்கப் போன இடத்தில் கார் வந்து நின்றது என்று இணையம் முழுக்கச் சுற்றுகிறதே, அது பொய், அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இல்லை. கட்டிவிட்டது உங்கள் கட்சிக்காரர்களாகத்தான் இருக்கும்.